சங்குக்கு எழுந்தவன்

ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரியின் சங்கு ஊதினால் ஆண்கள் சைக்கிளை எடுப்பார்கள், பெண்கள் உலையை இறக்குவார்கள், டீக்கடை பெஞ்சுகள் காலியாகும். அக்தரி பேகத்தின் வீட்டில் மட்டும் ஏழு வயதுப் பையன் ஒருவன் எழுந்து பின்கட்டுக்குப் போய்ப் பைஜாமா நாடாவை அவிழ்ப்பான்.

பையனின் பெயர் ஜியாவுதீன். அக்தரிக்கு அவன் ஒரே பிள்ளை. சுருட்டை முடி, யாரையும் நேராகப் பார்க்காத பெரிய கண்கள். குதிகால் தரையில் படாமல் நடப்பான். வெயில் விழும் இடத்தில் நின்று, விரல்களைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டி ஆட்டி, அவற்றின் நடுவே வெளிச்சம் நறுக்கப்படுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். பேச்சு என்று சொல்லத் தக்கது கிடையாது; எங்கோ கேட்ட ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க அதையே சொல்வதுண்டு. ஒரு வாரம் முழுவதும் 'வெங்காயம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். வெங்காயத்தைக் கையில் கொடுத்தபோது கீழே போட்டுவிட்டான். அவனுக்கு வந்திருப்பது என்ன என்று அக்தரி கேட்காத இடம் இல்லை. தெருவார் பைத்தியம் என்றார்கள். கணவரின் அண்ணன் ஷபீ அஹமது ஜின்னின் நிழல் என்றார். வேலூரில் ஒரு டாக்டர் பையனின் சிறுநீரைச் சீசாவில் பிடித்துச் சோதித்துவிட்டு, சிறுநீரகத்தில் குறையில்லை, குறை மூளையில், அதற்கு மருந்து இல்லை என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதன் பெயரை அவரும் சொல்லவில்லை.

பெயரில்லாத அந்தக் குறையோடு எப்படியாவது காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் அக்தரி நினைத்திருந்தாள். தள்ள முடியாததாக இருந்தது ஈரம். பகலில் ஏழு முறை, எட்டு முறை, நின்ற இடத்திலேயே நனைப்பான். முகத்தில் முன்னறிவிப்பு இராது. பிறகு வெட்கமும் இராது. கால் வழியே இறங்கித் தரையில் தேங்குவதை, வேறு யாரோ கொட்டியதைப்போலக் குனிந்து பார்ப்பான். அடித்துப் பார்த்தாயிற்று. தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாயிற்று. உதடு வெடித்ததே தவிர ஈரம் நிற்கவில்லை. ஐந்து வேளை தொழுகிற வீட்டில் துணியின் சுத்தமும் பாயின் சுத்தமும் பேச்சளவில் நிற்கிற காரியங்கள் அல்ல. அவனைத் தூக்கிய சேலையோடு தொழ முடியாது. ஒவ்வொரு வேளைக்கும் அவள் சேலை மாற்றினாள். மழைக்காலத்தில் மாற்றுச் சேலை காய்ந்திருக்காது, தொழுகை தவறும். ஓதுவதற்கு விட்ட மதரஸாவிலிருந்து பையனை மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்கு அழைக்கும்போதே, பையனை யாரிடமாவது விட்டுவிட்டு வரும்படி சேர்த்து அழைத்தார்கள்.

ஷபீ அஹமது ஒரு வழி வைத்திருந்தார். தெற்கே வெகு தூரத்தில் ஒரு தர்கா. மனம் பேதலித்தவர்களை அங்கே கொண்டுபோய் விடுவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. எப்படிப் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் போய்வந்தவர்களிடம் அக்தரி கேட்டிருந்தாள். காலுக்கும் மரத்துக்கும் நடுவே சங்கிலி எவ்வளவு நீளம் இருக்கும் என்பதுவரை கேட்டிருந்தாள். அவள் கணவர் நிசார் அஹமது அண்ணன் பேச்சைத் தட்டாதவர். அப்துல் ஹமீத் சாயபுவின் டேனரியில் அவர் தோல் தரம் பிரிப்பவர். பதப்பட்ட தோலின் மேல் உள்ளங்கையை ஒரு தரம் ஓட்டினால், உயிரோடிருந்தபோது அந்த ஆடு எந்த முள்ளில் உரசியது என்பதைக்கூடச் சொல்லிவிடுவார் என்று பெயர். மகனைப் பற்றி மட்டும் அவரால் எதையும் சொல்ல முடியவில்லை. கடைசியில், அடுத்த ரம்ஜான் பெருநாளுக்குள் பையன் சுத்தமாகாவிட்டால் அண்ணன் சொன்னபடியே செய்வது என்று ஒப்புக்கொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த ஐப்பசி மழையில்தான் அக்தரி அதைக் கண்டுபிடித்தாள். எந்தச் சத்தமும் ஜியாவுக்கு ஆகாது. பாத்திரம் விழுந்தால் காதைப் பொத்துவான். நாய் குரைத்தால் சுவரில் தலையை முட்டுவான். டேனரிச் சங்கு மட்டும் விலக்கு. அது எழும்பியதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பான். சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, அதே சுருதியில் தானும் முனகுவான். காய்ந்த துணி ஒன்றுகூட மிஞ்சாத ஒரு நாளில், அடுப்புச் சூட்டில் பைஜாமாவைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று உறைத்தது. அவன் நனைப்பது பெரும்பாலும் சங்கு ஓய்கிற நேரத்தில். நாள் முழுக்க எதையோ எதிர்த்து இறுகிக் கிடக்கும் அந்த உடம்பு, அந்த ஒரு சத்தத்துக்குத்தான் தளர்கிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சங்குக்கும் சற்று முன்னால் அவனைப் பின்கட்டு மோரிக்கு அழைத்துப்போனாள். குளிக்கவும் பாத்திரம் கழுவவும் இருந்த கருங்கல் மேடை அது. பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி, அடியில் சாக்கடைக்குப் போகும் கால்வாய். கல் விளிம்பில் உட்கார வைப்பாள், நாடாவை அவிழ்ப்பாள், சங்கு ஊதும். சில நாள் பலிக்கும். பல நாள் அவன் எழுந்து நின்று அவள் மேலேயே நனைத்துவிடுவான். முடிந்ததும் சொம்பில் மொண்டு கழுவிவிடுவாள். ஆறரைக்கு ஆட்களைக் கூப்பிடும் சங்கு, ஏழுக்கு வேலை தொடங்கும் சங்கு, பன்னிரண்டு, ஒன்று, மாலை ஐந்து என்று நாளுக்கு ஐந்து. ஐந்துக்கும் அவள் தவறவில்லை. காய்ச்சல் வந்த நாட்களில்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று. தை பிறந்து நாலைந்து நாள் கழித்து, அவள் ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது. ஜியா தானாக எழுந்தான். மோரிக்குப் போனான், நாடாவை இழுத்தான், உட்கார்ந்தான், முடித்தான், சொம்பை எடுத்துத் தானே கழுவிக்கொண்டான். மாவு ஒட்டிய கையால் அக்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

இதைக் கணவரிடம் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அதற்கு முந்திய வாரம், வாணியம்பாடிக்கு வந்திருந்த ஒரு ஹஜ்ரத்திடம் ஓதி வாங்கிய தாவீஸ் தாயத்தை நிசார் அஹமது பையனின் இடுப்பில் கட்டியிருந்தார். அன்று மாலை வந்ததும் பைஜாமாவைத் தொட்டுப் பார்த்தார். மறுநாளும் தொட்டுப் பார்த்தார். மூன்றாம் நாள் தெருவுக்கே கொடுக்கும்படி லட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்து அக்தரி பார்த்துப் பல வருடங்களாகியிருந்தன. சங்கால் வந்தது என்றால் அது வெறும் பழக்கம். தாவீஸால் வந்தது என்றால் அது குணம். குணமான பிள்ளையை யாரும் தர்காவுக்கு அனுப்ப மாட்டார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைதான் பேஜார். அன்று டேனரிக்கு விடுமுறை, சங்கு கிடையாது. ஒரு சொட்டுப் போகாமல் ஜியா வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருப்பான். வீட்டிலிருக்கும் நிசார் அஹமது, பகல் முழுக்கப் பையன் சுத்தமாக இருப்பது வெள்ளிக்கிழமைக்கென்று இறங்கும் அருள், பரக்கத்து என்று பூரித்துப்போவார். அந்தி நேரத்தில் பையனின் அடிவயிறு கல்லாகியிருப்பதை அக்தரியின் கை அறியும். ஒரு தரம் அவனை மோரியில் உட்கார வைத்து, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு, சங்கைப்போலவே அடித்தொண்டையில் ஊதிப் பார்த்தாள். அவன் தன் உள்ளங்கையால் அவள் வாயை மூடிவிட்டான். அவன் தூங்கிய பிறகுதான் சிறுநீர் போகும். அதற்கென்று ஒரு ரப்பர் விரிப்பு வாங்கி வைத்திருந்தாள்.

இந்த ரகசியம் தெரிந்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு வஜீதா. ஒரு வெள்ளிக்கிழமை முழுக்க வேடிக்கை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "உன் புள்ள அசல் டேனரி ஆளுதான் அக்கா. சங்கு ஊதுனாத்தான் வேலை செய்வான். வெள்ளிக்கிழமை லீவு."

அக்தரிக்கும் சிரிப்பு வந்தது. அந்த மூன்று மாதங்களில் அவளால் சிரிக்க முடிந்தது.

ரம்ஜான் அந்த வருடம் பங்குனிக் கடைசியில் வந்தது. பாலாறு வெறும் மணலாகக் கிடந்தது. தெருக் கிணறுகளில் வாளி தரையைத் தட்டியது. நோன்பு மாதத்தில் டேனரி நாலு மணிக்கே விட்டுவிடும். முதல் நோன்பன்று நாலு மணிச் சங்குக்கு ஜியா ஒழுங்காகப் போய்வந்தான். சற்று நேரத்தில் நிசார் அஹமது வந்தார். குளித்து வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டார். பையனுக்கும் புதுப் பைஜாமா போட்டுவிடச் சொன்னார். நோன்பு திறக்கும் நேரத்துக்கு அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போவதாக அவர் தீர்மானித்திருந்தார்.

ஏழு வருடத்தில் அவர் அவனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துப்போனதில்லை. சந்தோஷமும் பயமும் அக்தரிக்கு ஒன்றாக வந்தன. நாடாவைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். நாலு சங்கு முடிந்துவிட்டது. இனி நாளைக் காலைதான். ஒரு கவலைதான் மிச்சம். நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டதைப் பள்ளிவாசலில் வேட்டுப் போட்டு ஊருக்கு அறிவிப்பார்கள். போன வருடம் அந்த வேட்டுச் சத்தத்துக்கு ஜியா விடாமல் அலறியதை அவள் மறக்கவில்லை.

"வேட்டு போடுவாங்களே," என்றாள். "இவன் தாங்க மாட்டானே."

"இந்த வருஷம் வேட்டு கெடையாது," என்றார் நிசார் அஹமது, பையனின் தொப்பியைச் சரிசெய்தபடி. "போன தரம் வேட்டு போட்ட மோதினாருக்குக் கை வெந்துபோச்சுல்ல. முத்தவல்லி வேற ஏற்பாடு பண்ணிட்டாரு."

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லியும் டேனரி முதலாளி அப்துல் ஹமீத் சாயபுதான். என்ன ஏற்பாடு என்று அக்தரி கேட்கவில்லை. கொட்டு அடிப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தகப்பனின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு, குதிகால் படாமல், ஜியா தெருவில் போனான். வழியில் கண்டவர்களுக்கெல்லாம் நிசார் அஹமது நின்று ஸலாம் சொன்னார்.

சூரியன் சாயும் நேரத்தில் வஜீதா தன் தட்டை எடுத்துக்கொண்டு இங்கேயே வந்துவிட்டாள். இருவரும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கியது. டேனரிச் சங்கு ஊதியது.

"தோ, தெறந்துட்டாங்க," என்று வஜீதா பழத்தை வாயில் போட்டாள். "முத்தவல்லி புண்ணியத்துல இனிமே மாதனூர் வரைக்கும் கேக்கும்."

அக்தரி முதலில் மோரிப் பக்கம் திரும்பினாள். உடம்பின் பழக்கம் அது. மோரி காலியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

சங்கு ஒரு நிமிடம் ஊதும். அந்த ஒரு நிமிடத்தில் அவன் செய்யப்போகும் ஒவ்வோர் அசைவையும் அவள் அறிந்திருந்தாள். ஒவ்வொன்றையும் சொல்லிக்கொடுத்தவள் அவள். இப்போது நிமிர்ந்திருப்பான். இப்போது முகத்தைத் திருப்பியிருப்பான். இப்போது கல்லையும் தண்ணீரையும் தேடிக்கொண்டிருப்பான். பள்ளிவாசலின் உட்புறத்தை அவள் கண்டதில்லை. அந்த ஊரில் பெண்கள் அங்கே போவதில்லை. ஆனாலும் முற்றத்தின் நடுவில், தொழ வருகிறவர்கள் கைகால் கழுவி வஜூ செய்யும் பெரிய தொட்டி இருக்கிறது என்பதும், அதற்குக் கருங்கல் விளிம்பு உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும்.

புர்காவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினாள். உள்ளே போக முடியாத இடத்துக்குப் போய் என்ன செய்வாய் என்று வஜீதா பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. தெருமுனையில், பள்ளிவாசலின் கதவு தெரிகிற தூரத்தில், அவளுடைய கால்கள் தாமாக நின்றன. அதற்கு மேல் போகிற வழக்கம் அவற்றுக்கு இல்லை. சங்கு ஓய்ந்தது. உள்ளே நிசப்தம். பிறகு ஒரு குரல். பிறகு பல குரல்கள். கோபமாக இருந்த குரல்களுக்கு நடுவே சிரிப்பும் கேட்டது. அவளுக்கு அந்தச் சிரிப்புதான் தாங்கவில்லை. ஆண்கள் சிலர் வெளியே வந்து, வீட்டில் வஜூ செய்துகொண்டு திரும்புவதற்காக அவளைத் தாண்டி வேகமாகப் போனார்கள். நோன்பு திறக்க எடுத்த பழம் அவளுடைய கைக்குள் நசுங்கியிருந்தது.

கடைசியில் நிசார் அஹமது பையனோடு வந்தார். அவளைக் கண்டும் நிற்காமல் முன்னால் நடந்தார். ஜியாவின் கையைப் பிடித்துக்கொண்ட அக்தரி, மற்றக் கையால் அவனுடைய பைஜாமாவை முன்னும் பின்னும் தடவிப் பார்த்தாள். துளி ஈரமில்லை.

வீட்டில் அவர் அதைத் துண்டு துண்டாகச் சொன்னார். எல்லாரும் கையேந்தி துஆ ஓதிக்கொண்டிருந்ததால் பையன் எழுந்ததை யாரும் கவனிக்கவில்லை. அவன் நேராகப் போய்த் தொட்டியின் விளிம்பில், தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்தான். அவர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. தொட்டி பத்து முழத்துக்குப் பத்து முழம். அவ்வளவு பெரிய தொட்டியின் தண்ணீர், நிறமோ மணமோ மாறாதவரை அசுத்தமாகாது என்று இமாம் எடுத்துச் சொன்னார். மார்க்கம் ஒப்புக்கொள்ளும், மனசு ஒப்புக்கொள்ளாதே என்றார் முத்தவல்லி. தொட்டியைத் திறந்துவிடச் சொல்லிவிட்டார். கோடையில், முதல் நோன்பில், தொட்டித் தண்ணீர் முழுவதும் தெருச் சாக்கடையில் ஓடியது. மறுபடி நிரப்ப எங்கிருந்தோ மாட்டுவண்டிகளில் தண்ணீர் வரவேண்டும்.

"பைஜாமால ஒரு சொட்டுப் படல," என்றார் நிசார் அஹமது. "முடிச்சிட்டு, அங்க இருந்த சொம்ப எடுத்து, தொட்டித் தண்ணிய மொண்டு, நல்லா கழுவிக்கினான். எல்லாரும் பாத்துக்கினு இருக்காங்க. ஒரு பெரிய மனுஷன் மாதிரி கழுவிக்கினான்." பிறகு அவள் பக்கம் திரும்பி, "அவனை யார் எந்திரிச்சுப் போகச் சொன்னது?" என்று கேட்டார்.

"நான்தான்."

எல்லாவற்றையும் சொன்னாள். ஐப்பசியிலிருந்து சொன்னாள். வெள்ளிக்கிழமைகளையும் சொன்னாள்.

"அப்ப தாவீஸ்?"

"தாவீஸால இல்லைங்க."

அவர் எழுந்துபோய், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஹஜ்ரத்துக்கு நான் கடுதாசி எழுதினேன் அக்தரி," என்றார் வெளியே பார்த்தபடி. "எம் புள்ள சுகமாய்ட்டான்னு."

பள்ளிவாசலிலேயே ஷபீ அஹமது, நாலு பேர் கேட்கும்படி, பெருநாள் முடிந்த மறுநாள் பையனைத் தர்காவுக்குத் தானே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார். நிசார் அஹமது தலையாட்டிவிட்டு வந்திருந்தார். இப்போது அவர் அதற்கு ஒரு மாற்றுத் தேடினார். தேடிக் கண்டதை அவளிடம் ஏறக்குறைய கெஞ்சுவதைப்போலச் சொன்னார். பெருநாள் வரைக்கும் அந்தியில் தினமும் இந்தச் சங்கு ஊதத்தான் போகிறது. ஊதும்போது பையன் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதை அண்ணன் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால், தர்காப் பேச்சை நிறுத்தும்படி தாம் அவரிடம் பேச முடியும்.

"சங்க மறக்கடிச்சுடு," என்றார்.

"சங்க மறந்தா எல்லாத்தையும் மறந்துடுவான்ங்க."

"சுத்தமா இருக்கக் கத்துக்கினான் இல்ல? அது அப்படியே இருக்கட்டும். சங்கு மட்டும் போவட்டும்."

பதப்பட்ட தோலை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் ஏறிய ஆவாரம்பட்டைச் சாற்றை மட்டும் திரும்பப் பிழிந்து எடு என்று சொல்வதைப்போல இருந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் ஒருவேளை அவருக்குப் புரிந்திருக்கும்; டேனரிக்காரர்தானே. ஆனால் அவரை ஒரு தரம் ஏமாற்றிவிட்ட நாக்கு இரண்டாம் தரம் பேச எழவில்லை. சரி என்றாள்.

மறுநாள் பகலில் அவர் வேலைக்குப் போனபின், ஊதிய சங்குகளுக்கெல்லாம் ஜியா வழக்கம்போல மோரிக்குப் போனான், அவள் தடுக்கவில்லை. அந்தியில் நிசார் அஹமது பள்ளிவாசலுக்குப் போகவில்லை. அந்த முற்றத்தில் மறுபடி உட்கார அவருக்குத் துணிவு வரவில்லை. கூடத்தில் பாயை விரித்து, பழத்தட்டை வைத்து, பையனைப் பிடித்துக்கொள்ளும்படி அக்தரியிடம் சொன்னார். அவள் ஜியாவை மடியில் உட்கார வைத்து, இரண்டு கைகளையும் அவன் இடுப்பைச் சுற்றிக் கொடுத்து, விரல்களைக் கோத்துக்கொண்டாள்.

சங்கு எழும்பியது. அவன் நிமிர்ந்தான், அவன் உச்சந்தலை அவள் தாடையில் இடித்தது. முகத்தைத் திருப்பி முனகினான். பிறகு எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் அலறவில்லை. குனிந்து, தன் வயிற்றின் மேல் கோத்திருந்த அவள் விரல்களை, நாடாவின் முடிச்சை அவிழ்ப்பதைப்போல ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினான். பிரித்த விரலை அவள் மறுபடி கோத்தாள். அவன் மறுபடி பிரித்தான். முனகல் சுருதி தப்பி, அவள் இதுவரை கேட்டிராத ஒரு சத்தமாகியது.

"இன்னும் கொஞ்சம்," என்றார் நிசார் அஹமது. "கொஞ்ச நேரம்தான். புடிச்சிக்கோ."

மடியிலிருந்த உடம்பு பலகையாக விறைத்திருந்தது. சங்கின் வால் தேய்ந்துகொண்டு போனபோது அது ஒரே கணத்தில் தளர்ந்தது. அவளுடைய சேலை வழியே சூடு இறங்கிப் பாயில் பரவியது.

"விடு, விட்டுடு," என்று அவர் சொன்னார். அவள் விட்டாள். ஜியா எழுந்து நின்று, பாயில் தேங்கியதைக் குனிந்து பார்த்தான். மூன்று மாதமாக அவன் அப்படிப் பார்க்க எதுவும் இருந்ததில்லை.

நிசார் அஹமது கையிலிருந்த பழத்தைத் தட்டிலேயே வைத்தார். இரண்டு மூன்று நாள் பிடித்தால் பழகிவிடும் என்று, அவளுக்கோ தமக்கோ, சொல்லிக்கொண்டார். அக்தரி பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். பாயையும் சேலையையும் அலசிக் குளித்து வருவதற்குள் தொழுகை நேரம் போய்விட்டது.

காலையில் ஆறரைச் சங்கு ஊதும்போது அவள் முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நிசார் அஹமது சைக்கிளை வாசலில் இறக்கி நின்றார். ஜியா வெயில் விழும் ஜன்னலடியில் விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தான். சங்குக்கு எழுந்தான். அக்தரி மோரிப் பக்கம் வழிவிட்டு நகர்ந்தாள். அவன் மோரிப் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக அவளிடம் வந்தான். முறத்தை ஒதுக்கிவிட்டு மடியில் உட்கார்ந்தான். அவள் கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தன் இடுப்பைச் சுற்றி வைத்தான். விரல்களை விரல்களுக்குள் செருகிக் கோத்தான், நேற்று அவள் கோத்த மாதிரியே. பிறகு சங்கு வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, நிம்மதியாக முனகிக்கொண்டு, நனைத்தான்.

வாசலிலிருந்து நிசார் அஹமது பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒரு தரம்தான புடிச்சோம்," என்றார்.

முதல் பாடத்துக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் தேவைப்பட்டன என்பதை அவருக்குச் சொல்லியாகிவிட்டது. அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். அவர்கள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஈரத்தைப் பொருட்படுத்தாமல், தோலைத் தொடும் அதே உள்ளங்கையைப் பையனின் முதுகில் வைத்தார். பிறகு அவன் வயிற்றின் மேலிருந்த அவள் விரல்களைப் பிரித்து எடுக்கப் பார்த்தார். ஜியா அவர் கையைத் தள்ளிவிட்டு, அவள் விரல்களை மறுபடி கோத்துக்கொண்டான்.

"பன்னெண்டு சங்குக்கு நான் இன்னா பண்ணட்டும்?" என்று கேட்டாள் அக்தரி. "சொல்லுங்க. நீங்க சொல்றத செய்றேன். மோரிக்கு இழுத்துக்கினு போவட்டுமா, புடிச்சிக்கட்டுமா?"

அவர் பையனின் முகத்தைப் பார்த்தார். பையன் யாரையும் பார்க்கவில்லை. முறத்திலிருந்து சிதறிய அரிசி மெல்ல ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. ஏழுக்கு டேனரி வாசலை அடைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. அவள் கேட்டதற்கு ஏதோ சொல்ல வாயெடுத்தபோது ஏழு மணிச் சங்கு ஊதியது; மடியிலிருந்த ஜியா அவள் கைகளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.